அப்பாவின் ரிங் ஃப்ரேமும் பிளாக்பர்ன் ரோவர்ஸும்

இங்கிலாந்தில் சனிக்கிழமை ஃபுட்பால் மூன்று மணிக்குத் தொடங்குவதற்கு மில்தான் காரணம். 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் பெண்களும் சிறு வயதினரும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது. அதனால் ஆம்பளைகளுக்கும் அரைநாள் லீவு கிடைத்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வழியில் ஒரு பீர் குடித்துவிட்டு மைதானத்துக்கு நடந்தால் மணி மூன்று. அந்த மூன்று மணி மதுரையில் எங்கள் ஆரப்பாளையத்துக்கு ராத்திரி எட்டரையாக வந்து சேர்கிறது. அவர்கள் ஊர்க் கோடையில் ஏழரை. கேபிள்காரனுக்கு இது பொல்லாத நேரம். வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்காரும் நேரத்தில்தான் ஃபுட்பால் பையன்களும் கண்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள்.

தொண்ணூறுகளில் ஆரப்பாளையம் கிராஸ் ரோட்டிலிருந்து புட்டுத்தோப்புப் பக்கம் வரை மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒயர் இழுத்தவர்களில் நானும் ஒருவன். மாடியில் டிஷ், அதன் கீழே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை, உள்ளே மாடுலேட்டர்கள், ஒரு சின்ன போர்ட்டபிள் டி.வி. அவ்வளவுதான் கண்ட்ரோல் ரூம். பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டிக்கும் திண்டுக்கல் வண்டிக்கும் ஆள் கூப்பிடுகிற சத்தம் விடிய விடியக் கேட்கும். அப்போது பல வீடுகளில் பன்னிரண்டு பட்டன் டி.வி. பதின்மூன்றாவது சேனலைக் கொடுத்தாலும் பார்க்க வழியில்லை. எந்தச் சேனல் உள்ளே, எது வெளியே என்பது என் கையில் இருந்தது. இந்த ஏரியாவில் எந்தப் பையன் எந்த கிளப்புக்குக் கத்தினான் என்பதை அந்தப் பன்னிரண்டு பட்டனை விட்டுவிட்டு எழுத முடியாது.

அதற்கு முன்னால் வெளிநாட்டு ஃபுட்பால் என்றால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் உலகக் கோப்பைதான். 1986இல் தூர்தர்ஷன் மெக்சிகோவிலிருந்து நேரடியாகக் காட்டியது. அங்கே நடுப்பகல் பன்னிரண்டு, இங்கே ராத்திரி பதினொன்றரை. மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகப் போட்ட அந்த இரண்டு கோலையும் தெருவில் டி.வி. வைத்திருந்த ஒரு வீட்டின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த தலைமுறை நான். மறுநாளிலிருந்து நாங்கள் எல்லோரும் அர்ஜென்டினா. நாட்டைப் பிடிப்பது சுலபம், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். கிளப் வேறு சங்கதி. அது வருஷம் முழுக்க வாரா வாரம் கழுத்தைப் பிடிக்கும்.

1991 வாக்கில் ஸ்டார் டி.வி. ஆசியாசாட் செயற்கைக்கோளில் ஏறியபோது கூடவே பிரைம் ஸ்போர்ட்ஸ் என்று ஒரு சேனல் இலவசமாக வந்தது. 1992 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கியது. 1996இல் பிரைம் ஸ்போர்ட்ஸ், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆயிற்று, ஈ.எஸ்.பி.என்.னும் அதனோடு கூட்டுச் சேர்ந்தது. இரண்டையும் கொடுத்தால்தான் பையன்களுக்குத் திருப்தி, ஏனென்றால் ஆட்டங்கள் இரண்டிலும் பிரிந்து வரும். "அண்ணே, மேன் யூ மேட்ச் அந்தச் சேனல்லண்ணே, மாத்தி விடுங்கண்ணே" என்று வந்து நிற்பார்கள். எனக்குக் கிடைத்த ஆட்டங்களில் பெரும்பாலானவை மான்செஸ்டர் யுனைடெட்டுடையவை. அவர்கள்தான் ஜெயித்துக்கொண்டும் இருந்தார்கள். எனவே ஆரப்பாளையம் யுனைடெட் ஆயிற்று. நெஞ்சில் 'ஷார்ப்' என்று அச்சடித்த சிவப்பு பனியன் திருப்பூர்த் துணியில் நடைபாதைக்கு வந்ததும் முடிவு உறுதியாயிற்று. அர்சனலுக்கும் லிவர்பூலுக்கும் கொஞ்சம் பேர். கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்ன காரணம் சொன்னாலும் ஒயரில் வந்ததைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் ஆரப்பாளையத்துக்கு என்று ஒரு கிளப் இருந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே ஹார்வி மில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்ஸ் அது. அதன் சங்குச் சத்தத்தை வைத்துச் சோறு வடித்த ஏரியா இது. 1974இல் அந்த மில் ஜே. அண்ட் பி. கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. கோட்ஸின் சொந்த ஊர் ஸ்காட்லாந்தில் உள்ள பெய்ஸ்லி. நம் ஊர்ப் பட்டுக் கரையில் இருக்கும் மாங்காய் உருவத்தைக் காஷ்மீர் சால்வைகளிலிருந்து காப்பியடித்துத் தறியில் போட்டே பெயர் வாங்கிய நெசவாளர் ஊர். அந்த ஊருக்கு 1877இலிருந்து செயின்ட் மிரன் என்று ஒரு கிளப் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை. நம் மில் கோட்ஸோடு சேர்ந்த அதே 1974இல் அந்த கிளப்புக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். கீழ் டிவிஷனில் கிடந்த அணியை மேலே ஏற்றிவிட்டார். 1978இல் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் பெயர் அலெக்ஸ் ஃபெர்குசன். எட்டு வருஷம் கழித்து அவர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். எங்கள் தெருப் பையன்கள் பெர்கி, பெர்கி என்று உருகியதெல்லாம் இவரைத்தான். பெய்ஸ்லியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு நூலும் கணக்கும் கம்பெனி உத்தரவும் வந்திருக்கின்றன. செயின்ட் மிரன் வரவே இல்லை, ஸ்காட்லாந்து லீக்கை என் டிஷ் பிடிக்கவில்லை.

நான் பிடித்தது பிளாக்பர்ன் ரோவர்ஸை. இதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா மதுரையில் ஒரு சின்ன மில்லில் சைடர். ரிங் ஃப்ரேமின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, அறுந்த நூலைப் பிணைப்பது, டாஃபர் பையன்கள் நூல் சுற்றிய பாபினை உருவி எடுக்கும் வரை கண் எடுக்காமல் நடப்பது. அவர் பார்த்த பழைய ஃப்ரேமின் தலைமாட்டில் வார்ப்பிரும்புத் தகடு ஒன்று உண்டு: ஹோவர்ட் அண்ட் புல்லோ, அக்ரிங்டன். ஆங்கிலம் தெரியாதவர், எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். புதிதாக வந்த மெஷின்கள் மக்கர் செய்தால் "அக்ரிங்டன்காரன் கெட்டியாப் பண்ணிருக்கான்யா" என்பார். அந்த ஊர் இங்கிலாந்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அட்லஸில் தேடினேன். லங்காஷயரில், பிளாக்பர்னுக்குப் பக்கத்தில், நம்ம ஊருக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் உள்ள தூரம்தான். 1994-95 சீசனில் பிளாக்பர்ன் முதலிடத்தில் இருந்தது. பாதி நீலம் பாதி வெள்ளைச் சட்டை, ஆலன் ஷியரர் என்ற ஆள் அந்த ஒரு சீசனில் மட்டும் லீக்கில் 34 கோல். போதாதா?

இந்தப் பஞ்சாலை ஊர்களைப் பற்றி அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1888இல் உலகின் முதல் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கிளப்புகளில் ஆறு லங்காஷயர்: அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்ட்டன், பர்ன்லி, பிரஸ்டன், எவர்ட்டன். எவர்ட்டன் லிவர்பூல் துறைமுகத்தில் இருப்பது. அந்தத் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சை நூற்ற ஊர்கள்தான் மற்ற ஐந்தும். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1883இல், பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற இன்னொரு உள்ளூர் அணி எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஓல்ட் எட்டோனியன்ஸை 2–1 என்று வீழ்த்தியது. அதுவரை அந்தக் கோப்பை பணக்கார வீட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள் கையில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒலிம்பிக் அணியில் இருந்தது நெசவாளிகளும் நூற்பாளியும். அந்த அணி ஆறு வருஷத்தில் கலைந்துபோனது, பணமில்லை. நம்ம பக்கத்துக் கதை மாதிரியே இருக்கிறதா?

இன்னொரு முடிச்சும் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையைக் களைந்தார். அந்நியத் துணி வேண்டாம் என்ற அவருடைய பேச்சு லங்காஷயர் தறிகளை நிறுத்தியதில் ஒரு பங்கு வகித்தது. சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் வேலையிழந்த மில் தொழிலாளர்களைப் பார்க்க டார்வென் என்ற ஊருக்குப் போனார். பிளாக்பர்னை அடுத்த ஊர். அந்தத் தொழிலாளிப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு உற்சாகமாகக் கையை உயர்த்தும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

1995 மே 14, ஞாயிறு. சீசனின் கடைசி நாள் ஆட்டத்தில் பிளாக்பர்ன் லிவர்பூலிடம் 2–1 என்று தோற்றது. லண்டனில் யுனைடெட் ஜெயித்திருந்தால் கோப்பை போயிருக்கும். அவர்கள் 1–1 டிரா. ஒரே ஒரு பாயின்ட், 89க்கு 88. எனக்கு விஷயம் தெரிந்தது திங்கட்கிழமை காலை ஹிந்து பேப்பரில். டீக்கடையில் சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லை. கடையில் இருந்த ஒரே ஃபுட்பால் பையன் யுனைடெட்.

நான்கே வருஷம். 1999 மே 12 அன்று பிளாக்பர்ன் சொந்த மைதானத்தில் யுனைடெட்டோடு 0–0 டிரா செய்து, அந்த டிராவாலேயே கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இரண்டு வாரம் கழித்து மே 26. அன்றைக்கு இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பையும் நடந்துகொண்டிருந்தது. டான்டனில் கங்குலி 183, டிராவிட் 145, இலங்கை பாவம். ஊர் முழுக்க அந்தச் சந்தோஷத்தில் தூங்கப்போன பிறகு, பன்னிரண்டேகாலுக்கு பார்சிலோனாவில் யுனைடெட்–பயர்ன் மியூனிக். கண்ட்ரோல் ரூமில் நாலைந்து பையன்கள், எல்லாம் சிவப்பு. தொண்ணூறாவது நிமிஷத்திலும் பயர்ன் 1–0. ஒருவன் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு யுனைடெட்டின் ஷெரிங்கம் ஒன்று, சோல்ஷர் ஒன்று. செருப்பு தேடியவன் தலையை ஆஸ்பெஸ்டாஸில் இடித்துக்கொண்டான். நான் கைதட்டவில்லை. அது கெட்ட குணம்தான், ஆனால் ரசிகனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

இதில் ஒரு வேடிக்கை. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்துக்குள் எந்த ஃபுட்பால் ஆட்டத்தையும் நேரடியாக டி.வி.யில் காட்டக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. டி.வி.யில் பெரிய கிளப்பைப் பார்த்துவிட்டால் சின்ன கிளப் மைதானத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற பயம். அறுபதுகளில் இதற்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றவர் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட். பிளாக்பர்னுக்குப் பரம எதிரி பர்ன்லி. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். மூன்று மணி ஆட்டத்தை மைதானத்துக்குப் பக்கத்துத் தெருக்காரன் டி.வி.யில் பார்க்க முடியாது. ஆரப்பாளையத்தில் நான் பார்க்கலாம். பாப் லார்டின் வேலி இங்கிலாந்துக் கடற்கரையோடு முடிந்துவிட்டது, அந்தப் பக்கம் இருந்த சின்ன கிளப்புகளைக் காப்பாற்ற ஆளில்லை. நம்ம பக்கத்து ஆட்டக்காரர்களுக்கும் அதே கதி. தஞ்சாவூர்க்காரர் கலியா குலோத்துங்கன் 2003இல் ஆசியான் கிளப் கோப்பையை ஜெயித்த ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தார். 2018இல் சாலை விபத்தில் அவர் இறந்தபோது என் கண்ட்ரோல் ரூம் பையன்களில் ஒருவனுக்கும் பெயர் தெரியவில்லை. ஷெரிங்கமின் சட்டை நம்பர் தெரியும்.

2010இல் பிளாக்பர்னை யார் வாங்கினார்கள் தெரியுமா? புனேயின் வெங்கீஸ், கோழிக் கம்பெனி. தெருவில் கேலி தாங்க முடியவில்லை. "அண்ணே, உங்க டீம் இனிமே லெக் பீஸா, செஸ்ட் பீஸா?" ஆட்டக்காரர்களை உட்காரவைத்துக் கோழி தின்னும் விளம்பரமும் எடுத்தார்கள். 2012 மே 7 அன்று விகன் ஆட்டத்தில், கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை எவனோ மைதானத்துக்குள் விட்டான். இடையில் மேலே ஏறியிருந்தவர்கள் அன்றைக்கே பிரீமியர் லீக்கிலிருந்து மறுபடி இறங்கினார்கள், இன்னும் திரும்பவில்லை. 2017இல் மூன்றாம் டிவிஷனே போய் வந்தார்கள்.

இறங்கிய கிளப்பைத் தூரத்திலிருந்து தொடர்வது தனிப் பாடு. முதல் டிவிஷனில் இருக்கும்வரை ஒயர் கொண்டுவந்து கொடுத்தது. கீழே போனதும் ஒயர் கைவிட்டது. பிரவுசிங் சென்டரில் ஸ்கோர், பிறகு போனில் ஸ்கோர்: எழுத்தாக ஒரு வரி, கோல், நிமிஷம், பெயர். 2011இல் எழுபது ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது, பிறகு செட்-டாப் பாக்ஸ், 2015இல் ஹாட்ஸ்டார், அடுத்த வருஷம் ஜியோ. பன்னிரண்டு பட்டனை வைத்து நான் ஆண்ட காலம் முடிந்தது. இப்போது பையன்கள் கிளப்பைப் பிடிப்பதில்லை, ஆளைப் பிடிக்கிறார்கள். மெஸ்ஸி மயாமி போனால் இவர்களும் மயாமி. ரொனால்டோ ரியாத்துக்குப் போனதில் ஒரு நன்மை: ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் டிக்கெட் எடுத்து மைதானத்துக்கே போய் வீடியோ அனுப்புகிறான். இந்த ஏரியாவிலிருந்து கடல் தாண்டிய ஃபுட்பாலை நேரில் பார்த்தவன் எனக்குத் தெரிந்து அவன்தான்.

பிளாக்பர்ன் செய்தி இப்போது விளையாட்டுப் பக்கத்தில் கிடைப்பதில்லை. 2023 முதல் வெங்கீஸ் இந்தியாவிலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி ஹைகோர்ட்டின் அனுமதி வேண்டியிருந்தது. ஆட்டக்காரனை வாங்கலாமா, இருப்பவனை விற்கவேண்டுமா என்பது டெல்லியில் வாய்தா எப்போது விழுகிறது என்பதோடு சேர்ந்துகொண்டது. நான் கோர்ட் செய்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.