மாட்டுக்காரப் பையன் கொண்டுவந்த நண்டு

முல்லை நிலம், ஆயர், குழல் என்று தமிழ் வகுப்பில் நிறையவே சொல்லிக்கொடுத்தார்கள். எம்.ஏ. வரைக்கும் படித்தேன். மிராசுதார் மாட்டை மேய்த்த சேரிப் பையன் எந்தப் பாடத்திலும் வரவில்லை. எங்கள் காரைக்கால் கடைமடையில் பண்ணைக்கு ஆள் என்றால் குடும்பமே ஆள்தான். அப்பன் ஏர் ஓட்டணும், ஆத்தா நாத்து நடணும், ஏழெட்டு வயசுப் பையன் கோலோடு மாட்டுக்குப் பின்னால் போகணும்.

அவனுக்குக் கிடைத்தது பண்ணையில் ஊற்றிய கஞ்சியும் அறுப்பில் கொஞ்சம் நெல்லும். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறு. எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். மாடு திடலில் மேயும்போது வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடிப்பான், நத்தை பொறுக்குவான். தண்ணி வடியும் மாசத்தில் சேற்றைத் தடவிக் குறவை, கெளுத்தி எடுப்பான். பொம்பளப் புள்ளைங்க ஆரக்கீரை, வள்ளக்கீரை பறிக்கும். குளத்தில் இறங்கி அல்லிக்கிழங்கு, கொட்டிக்கிழங்கு தோண்டும். அறுப்பு முடிந்தால் கதிர் பொறுக்கும். எலிவளையை வெட்டி நெல் எடுக்கும். "நெல்லு ஆண்டை குடுத்தாரு, கொழம்பு புள்ளைங்க குடுத்துச்சு" என்பார் எங்கள் ஆயா.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அரைவயிற்றுக் கூலி கொடுத்தும் சேரி சாகாமல் மறுநாள் நடவுக்கு வந்ததென்றால், மீதி வயிற்றை நிரப்பியது பிள்ளைகளின் கை. அந்தக் கை பண்ணைக்கு இரண்டு தடவை உழைத்திருக்கிறது. மாட்டை மேய்த்தது ஒன்று. கூலியைக் குறைத்தே கொடுக்க ஆண்டைக்கு வழி செய்தது மற்றொன்று.

மேய்த்தவனுக்குப் பால் உண்டா? பெரிய புராணத்தில் சேய்ஞலூர்ப் பார்ப்பனச் சிறுவன் ஒருவன், பசுவை அடித்த இடையனை விலக்கிவிட்டுத் தானே மேய்க்கிறான். பாலை மணல் லிங்கத்தின்மேல் சொரிகிறான். தடுத்த தகப்பன் காலை வெட்டிச் சண்டேசுர நாயனார் ஆகிறான். எங்கள் பையன் ஒரு வாய் கறந்து குடித்திருந்தால் கட்டிவைத்து அடித்திருப்பார்கள். பாலைத் தராதவர்கள்தான் நண்டு தின்கிற சாதி என்று நம்மை ஏசினார்கள்.

1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய செங்கொடிச் சங்கம் கீழத்தஞ்சையில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து நின்றது. 1952இல் சென்னை அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் காரைக்கால் எல்லையோடு நின்றுபோனது. இங்கே பிரெஞ்சு ஆட்சி. 1739இல் வந்தவர்கள் 1954 நவம்பர் 1இல்தான் ஆட்சியைக் கைமாற்றினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற அவர்களது முழக்கம் கச்சேரியைத் தாண்டிச் சேரிக்கு வரவேயில்லை.

பிறகு வயலில் பூச்சிமருந்து வந்தது. நண்டும் நத்தையும் குறைந்தன. கடலோரத்தில் இறால் பண்ணை வந்தது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கொத்தடிமை முறை 1976 சட்டத்தால் ஒழிந்ததாகச் சொல்கிறார்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகும் தஞ்சைப் பக்கம் ஒரு சிறுவனை ஆடு மேய்க்க அடகு வைத்த செய்தி பத்திரிகையில் வந்தது. நண்டு போய்விட்டது, அடகு போகவில்லை.

மரக்கால் நெல்லை எண்ணியவர்கள் பிள்ளைகள் மடியில் கட்டிவந்த நத்தையை எண்ணவில்லை. நாம்தான் எண்ண வேண்டும். உங்கள் ஊர்க் கிழவன் கிழவிகளிடம், சின்ன வயசில் பொழுதுசாய வீட்டுக்கு என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். கூலி பாக்கிக் கணக்கு அதில் இருக்கிறது.