கே-லூசாக்குக்கு முன்னால் ஒருவர்

மூடிய பாத்திரத்தில் அடைபட்ட வாயுவைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். பள்ளிப் புத்தகங்கள் பலவும் இதைக் கே-லூசாக் விதி என்றே சொல்லித் தருகின்றன. கே-லூசாக் பிறந்தது 1778-ல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பாரிஸில் ஒருவர் இதை அளந்து, அறிவியல் கழகத்திடம் சொல்லியும் விட்டார்.

அவர் பெயர் கீயோம் அமோன்தோன், 1663-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே காது கேளாமல் போயிற்று. பல்கலைக்கழகப் பக்கம் போனதில்லை. காதுக்கு வைத்தியம் பார்க்கவும் அக்கறை காட்டவில்லை. சந்தடியில்லாமல் வேலையில் மூழ்க இதுவும் வசதிதான் என்று இருந்துவிட்டாராம்.

1702-ல் அவர் செய்த கருவி எளிமையானது. அடியில் ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் காற்று. குமிழோடு சேர்ந்து வளைந்து மேலேறும் ஒடுங்கிய குழாயில் பாதரசம். குமிழ் பெரிது, குழாய் சிறிது. ஆகவே பாதரசம் எவ்வளவு ஏறினாலும் காற்றின் கன அளவு மாறவில்லை என்றே கொள்ளலாம். குமிழைக் கொதிநீரில் வைத்தார். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துப் பாதரசக் கணக்கு 73 அங்குலம். பனிக்கட்டிக் குளிரில் 51½ அங்குலம். நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு தீ மூட்டினாலும் பாதரசம் அந்த 73-ஐத் தாண்டவில்லை. இந்தச் செய்தியைப் படித்துத்தான் தனக்கும் வெப்பமானி செய்யும் ஆசை வந்தது என்று 1724-ல் ஃபாரன்ஹீட்டே எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டு எண்களுக்குள் இன்னொரு புதையலும் இருந்தது. கொதிநீரிலிருந்து பனிக்குளிருக்கு வர 21½ அங்குலம் குறைகிறது. இப்படியே குளிர்வித்துக்கொண்டு போனால் மிச்சமுள்ள 51½ அங்குலமும் தீர்ந்து, காற்றுக்கு அழுத்தமே இல்லாத ஓர் எல்லை வந்தாக வேண்டும். செல்சியஸ் அப்போது கைக்குழந்தை. இன்றைய அவரது அளவில் சொன்னால் அந்த எல்லை சுமார் −240 டிகிரி. உண்மையான எல்லை −273.15. ஒரு கண்ணாடிக் குழாயை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு அருகில் வந்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

அந்த எல்லையிலிருந்து எண்ணினால்தான் நம் பைக் டயரின் கணக்கும் சரியாக வரும். காலையில் 27 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். வெயிலில் ஓடி, உள்ளிருக்கும் காற்று 57 டிகிரியைத் தொடுகிறது. வெப்பம் இரட்டிப்பானதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் 300-லிருந்து 330-க்குத்தான் போயிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு ஏற்றம். வெளிக்காற்றின் 14.7-ஐச் சேர்த்துப் பெருக்கி, மறுபடி கழித்தால் மீட்டர் சுமார் 34.5 காட்டும். டயர் சூடாக இருக்கும்போது ‘காற்று அதிகம்’ என்று இறக்கிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

அமோன்தோன் 1705-ல், 42 வயதில் இறந்தார். கே-லூசாக் 1802-ல் வெளியிட்டது, அழுத்தம் மாறாதபோது வாயுக்கள் எப்படி விரிகின்றன என்ற ஆய்வை. அதில்கூட, தனக்கு முன்பே ஷார்ல் என்பவர் இதைக் கண்டிருந்தார் என்று நேர்மையாகக் குறிப்பிட்டிருக்கிறார். அழுத்த விதிக்கு அவர் பெயரைச் சூட்டியது பின்னால் வந்தவர்கள். அதை அமோன்தோன் விதி என்று எழுதுவதே முறை.

(தொடரும்)