நகல்கள் கட்டாகிய வரலாறு

தாள்களை உலோகப் பின் கொண்டு பிணைக்கும் வழக்கம் நகலெடுக்கும் இயந்திரத்திற்கு நெடுங்காலம் முந்தியது. ஆயினும் அவ்விரண்டும் ஒன்றாக இணைவதற்குப் பெருந்தடையாக நின்றது பின் அடிக்கும் வேலையன்று, பக்கங்களை வரிசைப்படுத்தும் வேலையே ஆகும்.

அமெரிக்கரான ஜார்ஜ் மெக்கில் 1866இல் வளைத்து மடிக்கத்தக்க பித்தளைப் பிணைப்பானுக்குக் காப்புரிமை பெற்று, 1879இல் ஒரே அழுத்தில் பின்னைத் தாளுக்குள் செலுத்தும் கருவியையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு பின்னைக் கையால் பொருத்த வேண்டியிருந்த அந்தச் சிரமம், பின்களைச் சரமாக இணைக்கும் முறை பரவிய பிறகே நீங்கியது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் 914 என்னும் இயந்திரம் 1959இல் அறிமுகமாகி, சாதாரணத் தாளில் நகலெடுப்பதை அலுவலக வழக்கமாக்கியபோது, இருபது பக்க அறிக்கைக்குப் பத்துப் படிகள் வேண்டுமாயின், பக்கத்திற்குப் பத்து நகல் எடுத்து, மேசையில் பரப்பி, வரிசையாகச் சேர்த்துப் பின் அடிக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த சார்ட்டர், அதாவது பல தட்டுகள் கொண்ட பிரிப்படுக்கு, தட்டுக்கு ஒரு நகலாக இட்டு இவ்வேலையைக் குறைத்ததேனும், தட்டுகளின் எண்ணிக்கையே படிகளின் எல்லையாயிற்று. மூலத்தை ஒரே முறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் இயந்திரம், ஒரு படியை முழுமையாக அச்சிட்ட பின்னரே அடுத்ததைத் தொடங்கியதால், அந்த எல்லை அகன்றது. 1990இல் வெளிவந்த ஜெராக்ஸ் டாக்குடெக் நிமிடத்திற்கு 135 பக்கங்கள் அச்சிட்டு, படிகளைத் தானே பிணைத்தும் தந்தது.

இன்று இப்பணியைச் செய்யும் பகுதி ஃபினிஷர் எனப்படுகிறது. சூடு ஆறாத தாள் அதன் தட்டில் வந்து விழுந்ததும், சுழலும் ரப்பர்த் துடுப்பு அதைப் பின்புறத் தடுப்புவரை இழுக்க, ஜாகர் எனப்படும் பக்கத் தகடுகள் இருபுறமும் தட்டி ஓரங்களைச் சேர்க்கின்றன. கடைசித் தாளும் சேர்ந்தபின், கார்ட்ரிட்ஜில் நேரான கம்பித் துண்டுகளாக ஒட்டியிருப்பவற்றுள் ஒன்று 'ப' வடிவில் வளைக்கப்பட்டுக் கட்டைத் துளைக்கிறது. மறுபுறத்து மடக்கி, வெளிவரும் இரு கால்களையும் தட்டையாக மடித்துவிடுகிறது.

கட்டை மேசையில் தட்டி ஓரம் சேர்த்துப் பின் அடித்த எழுத்தரின் கைவேலையில், ஓரம் சேர்க்கும் அசைவே மிகச் சிறியதாகத் தோன்றும். எனினும் ஓரம் சேராத கட்டில் அடிக்கப்படும் உலோகப் பின் ஏதேனும் ஒரு தாளைத் தவறவிடக்கூடும் என்பதால், எத்தனை வேகமான இயந்திரமும் பின் அடிக்கும் முன் அந்தத் தட்டலைச் செய்தே தீர வேண்டியிருக்கிறது.