அடுப்படிக்கு வந்த உபாத்தியாயர்

சமையற்காரனின் கைப்பக்குவத்தை நம்பியே பிழைத்துவந்த உணவு வியாபாரம், அதை நம்பாமலும் பிழைக்கலாம் என்று துணிந்தது கலிபோர்னியா மாகாணத்துச் சான் பெர்னார்டினோ நகரில், 1948-ஆம் ஆண்டில். ரிச்சர்ட், மாரிஸ் மக்டொனால்டு என்னும் சகோதரர் இருவர், நல்ல வரும்படியுடன் நடந்த தங்கள் கடையைச் சில மாதங்கள் மூடிவைத்து, 25 பண்டங்களை 9 ஆகக் குறைத்து, கார்களுக்குத் தட்டேந்திச் சென்ற பரிசாரகப் பெண்களையும் நிறுத்திவிட்டு, ஒருவன் வாட்ட, ஒருவன் பொதிய, ஒருவன் பானம் ஊற்ற என்று காரியத்தைக் கூறுபோட்டனர். பின்னர்ப் புதிய சமையலறை ஒன்றை அமைக்க எண்ணியபோது, வீட்டு டென்னிஸ் மைதானத்தில் அடுப்பும் மேடையும் நிற்கவேண்டிய இடங்களைச் சாக்குக்கட்டியால் வரைந்து, சிப்பந்திகளை வரவழைத்து, இல்லாத இறைச்சியை இல்லாத அடுப்பில் புரட்டச் செய்து, யார் யார்மீது இடித்துக்கொள்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தனர். அன்றிரவு பெய்த மழை அத்தனை கோடுகளையும் கழுவிக்கொண்டு போக, மறுபடியும் முதலிலிருந்து வரையவேண்டியதாயிற்று.

இம்முறையை நாடெங்கும் பரப்பப் புறப்பட்ட ரே கிராக், 1955-இல் இல்லினாய் மாகாணத்து டெஸ் பிளெய்ன்ஸில் மக்டொனால்டு என்ற பெயரிலேயே கடை திறந்தார். அடுத்த ஆண்டு அவரிடம் வேலைக்கு வந்த ஃபிரெட் டர்னர் என்னும் இளைஞர்தாம், என் அபிப்பிராயத்தில், இச்சரித்திரத்தின் மெய்யான உபாத்தியாயர். 1958-இல் அவர் எழுதி முடித்த 75 பக்கக் கையேட்டில், இறைச்சி வில்லைகளை இடமிருந்து வலமாக ஆறு வரிசைகளில் அடுக்குக என்றும், முதலிரு வரிசைகள் அனலுக்குச் சற்றுத் தொலைவாக இருப்பதால் மூன்றாம் வரிசையை முதலில் புரட்டி, நான்கு, ஐந்து, ஆறு என்று முடித்தபின் அவ்விரண்டுக்கும் திரும்புக என்றும் விதித்திருந்தார். அனுபவசாலியின் கை பல வருஷம் சுட்டுக்கொண்டு அறியும் சூக்ஷ்மத்தை, நேற்று வந்த பையன் ஒரே வாக்கியத்தில் பெற்றுக்கொண்டான்.

ஆனால் ஏட்டில் எழுதியதைக் கைக்கு ஏற்றுவது வேறு வித்தை. அதற்கு வழி முன்னமே பிறந்திருந்தது. பிறந்த இடம் அடுப்படியன்று, கப்பல் கட்டும் துறை. முதல் உலக மகாயுத்தத்தில் அமெரிக்கத் துறைகளுக்கு ஆள் பழக்கிய சார்லஸ் ஆலன் வகுத்த நான்கு படிகள், இரண்டாம் யுத்தகாலத்தில் அரசாங்கமே நடத்திய தொழிற்சாலைப் பயிற்சித் திட்டத்தின் வாயிலாக 16 லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சென்றடைந்தன. கற்பவனின் கூச்சத்தைப் போக்கு, செய்து காட்டு, அவனைச் செய்யவிடு, பின்னும் வந்து பார். துரித உணவுக் கடைகள் பலவற்றின் பயிற்சியில் இன்றும் இதே கிரமந்தான்.

1961-இல் எல்க் குரோவ் கிராமத்து மக்டொனால்டு கடையொன்றின் நிலவறையில் 'ஹாம்பர்கர் பல்கலைக்கழகம்' என்னும் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. பெயரைக் கேட்டுச் சிரித்தவர் உண்டு; சிரிப்புக்குரியதுதான். எனினும் அங்கே கற்றவர்கள் பெரும்பாலும் கடை நிர்வாகிகளும் உரிமையாளர்களுமே. அடுப்பருகே நின்று புதியவனுக்கு மூன்றாம் வரிசையைக் காட்டுகிறவர், அவனைவிடச் சில மாதங்கள் மூத்த இன்னொரு சிப்பந்தி. கூலியும் சற்றே கூடுதல், அவ்வளவுதான். வேலையைக் கற்பது எத்தனை எளிதாயிற்றோ, விட்டுப் போவதும் அத்தனை எளிதாயிற்று. முதலாளிக்கும் பழையவனை வற்புறுத்தி நிறுத்திக்கொள்ளவேண்டிய அவசியம் குறைந்தது. ஆகவே அந்தச் சிப்பந்திக்கு மட்டும், கற்றுக்கொடுக்கும் வேலை ஓய்ந்தபாடில்லை.