ஒரு நாள் ஒர்க்-அவுட் போகலைன்னா குற்ற உணர்ச்சியா? ஓய்வு நாள் யாருக்கு, எத்தனை நாள்? - முழு விளக்கம்

திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் விடியும் முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் ஒரு பக்கம், எடையைக் குறைக்க வந்தவர்கள் இன்னொரு பக்கம். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால், உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த நடப்பவர்களைப் பார்க்கலாம். வயதும் நோக்கமும் வேறு வேறு. ஆனால் ஒரு நாள் தவறிவிட்டால் பலருக்கும் வரும் பயம் ஒன்றுதான்: 'இன்னிக்கு போகலையே, செஞ்சதெல்லாம் வீணாப் போயிடுமோ?'

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. வேகமாக ஓடுபவருக்கும் எடை தூக்குபவருக்கும் ஓய்வு கட்டாயம். மிதமாக நடப்பவருக்கு ஓய்வு நாளே தேவைப்படாமலும் போகலாம்.

ஓய்வு நாளில் உடம்புக்குள்ள என்ன நடக்குது?

தசை வளர்வது ஜிம்மில் இருக்கும்போது அல்ல, வீட்டுக்கு வந்த பிறகுதான். கடுமையான பயிற்சியின்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சரிசெய்து முன்பைவிட வலுவாகக் கட்டும் வேலை, அடுத்த 24 முதல் 48 மணி நேரம் வரை நடக்கிறது. நீண்ட ஓட்டத்தில் தீர்ந்துபோன கிளைகோஜன் எனும் சேமிப்புச் சர்க்கரை மீண்டும் நிரம்பவும், நன்றாகச் சாப்பிட்டால்கூட ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

உதாரணத்துக்கு மலைக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிக்க முக்கியக் காரணம் ஏறியது அல்ல, இறங்கியதுதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் சிதைவு அதிகமாகிறது. இந்த வலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் தானாகவே குறையும். அந்த நேரத்தில் மறுபடியும் அதே தசையைப் போட்டு வாட்டினால், பாதி காய்ந்த சுவர் மேல் அடுத்த வரிசைச் செங்கல் வைப்பது மாதிரிதான்.

காவலர் தேர்வுக்கு ஓடுறவங்க கவனத்துக்கு!

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் உடற்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்துவிட்டு, ரிசல்ட் வந்ததும் திடீரென தினமும் ஓட ஆரம்பிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

காரணம், நுரையீரலும் தசையும் பழகும் வேகத்தில் எலும்பு பழகாது. அழுத்தம் கூடும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கும். அதன் பிறகே புதிதாகக் கட்டும். இடைவெளியே கொடுக்காமல் ஓடினால் கெண்டைக்காலுக்கு முன்புறமுள்ள எலும்பில் வலி தொடங்கி, மெல்லிய விரிசலில் போய் முடியலாம். ஆரம்ப வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேவில் தெரியாமலும் போகும். விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலி, ஓடாதபோதும் வலி என்றால் உடனே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரிசல் என்று உறுதியானால் பல வாரங்கள் ஓடவே முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் லீவு விடத் தயங்கியவர், தேர்வையே விட நேரிடும்.

தேர்வு நெருங்கும்போதும் இதே கணக்குதான். பெரிய போட்டிகளுக்கு முன் தடகள வீரர்கள் கடைசி 2 வாரத்தில் வேகத்தைக் குறைக்காமல், ஓடும் தூரத்தை மட்டும் பாதி அளவுக்குக் குறைப்பது வழக்கம்.

லீவு விட்டா ஃபிட்னஸ் போயிடுமா?

போகாது. ஒரு நாள், இரண்டு நாள் ஓய்வில் இதயத்தின் திறனோ தசை வலிமையோ குறைந்துவிடாது. முழுவதுமாக நிறுத்தி சுமார் 10 நாட்களைத் தாண்டும்போதுதான் ஓட்டத்துக்கான தாங்கும் திறன் குறையத் தொடங்கும். தசை வலிமை அதைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

அப்போ அந்தக் குற்ற உணர்ச்சி எங்கிருந்து வருது?

பெரும்பாலும் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சிலிருந்தும், போனில் இருக்கும் ஆப்பிலிருந்தும்தான். 'தொடர்ந்து 60 நாள்' என்று ஆப் காட்டும்போது 61-வது நாளை விட மனசு வராது. பலர் வேதவாக்காக நினைக்கும் 10,000 அடிக் கணக்கே, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். விமர்சனங்களுக்குப் பிறகு ஆப்பிள் நிறுவனமும் 2024-ல், தொடர் கணக்கு அறுந்துபோகாமல் ஓய்வெடுக்கும் வசதியைத் தன் வாட்ச்சில் சேர்த்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் நாள் கணக்கு பேசுவதில்லை. வாரக் கணக்குதான் பேசுகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி. கூடவே குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சி. திங்களன்று விட்டதை வியாழனில் ஈடுகட்டலாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உடம்பை அலட்டிக்கொள்ளாமல் இருந்த நம் வீட்டுப் பெரியவர்களும், வாரத்தைக் கணக்கு வைத்துத்தான் வாழ்ந்தார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வேற கணக்கு

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் ஓரிரு நாளில், அதிகபட்சம் 3 நாளில் மறைந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து 2 நாளுக்கு மேல் பயிற்சியை விடக் கூடாது என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். ஸ்ரீரங்கம் வீதிகளில் அரை மணி நேரம் நடக்கும் ஒருவர் தினமும் நடக்கலாம். திருவிழாக் கூட்டத்திலோ மழையிலோ ஒரு நாள் தவறினாலும் கவலை வேண்டாம். அது மூன்றாவது நாளாக நீளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எத்தனை நாள் ஓய்வு?

- மிதமான நடை: ஓய்வு நாள் கட்டாயமில்லை. கால் வலித்தால், காய்ச்சல் இருந்தால் மட்டும் விடலாம்.
- எடைப் பயிற்சி: ஒரே தசைக்கு அடுத்த பயிற்சி வரை 48 மணி நேர இடைவெளி நல்லது.
- ஓட்டம்: புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடலாம். பழகியவர்களுக்கும் வாரத்தில் ஒன்று, இரண்டு நாள் ஓய்வு வேண்டும்.
- ஓய்வு நாள் என்றால் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மெதுவான நடை, வீட்டு வேலை எல்லாம் செய்யலாம். 7 மணி நேரத் தூக்கம் முக்கியம்.

எப்போது உஷாராகணும்?

போதுமான ஓய்வுக்குப் பிறகும் தீராத சோர்வு, காலையில் எழும்போதே வழக்கத்தைவிட அதிகமான நாடித்துடிப்பு, தூக்கமின்மை ஆகியவை பயிற்சி அளவு மீறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தீவிரப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால், 'வெயிட் குறையுது, நல்லதுதானே' என்று விடக் கூடாது. உடலுக்குத் தேவையான உணவு போகவில்லை என்பதன் அறிகுறி அது, எலும்பையும் பலவீனமாக்கும்.

காய்ச்சலிலும் காயத்தோடும் ஓடுவது, பயிற்சிக்காக வீட்டு விசேஷங்களைத் தவிர்ப்பது, ஓய்வெடுத்த நாளில் தண்டனை மாதிரி சாப்பாட்டைக் குறைப்பது - இந்த அளவுக்குப் போனால் அது ஒழுக்கம் அல்ல. மனநல ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

பயிற்சி அட்டவணை போடும்போதே ஓய்வு நாளையும் பேனாவால் எழுதிவிடுங்கள். அப்போது அது தவறவிட்ட நாள் அல்ல, திட்டமிட்டபடி முடித்த நாள்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. இதய நோய், சர்க்கரை, மூட்டுப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனைப்படி பயிற்சி செய்யவும்.)