கம்பி யார் கையில்?

திருநெல்வேலியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் தாழையூத்தைக் கடந்த சிறிது நேரத்தில் கங்கைகொண்டானை அடைவர். ஊரை ஒட்டிச் சிற்றாறு ஓடுகிறது. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் முன் அது காணும் பழம்பதிகளுள் இதுவும் ஒன்று. கங்கைகொண்ட சோழன் என்னும் விருதுப் பெயர் பூண்ட முதலாம் இராசேந்திரனின் நினைவை ஊரின் பெயர் சுமந்து நிற்கிறது. கரையில் பழைமையான கயிலாசநாதர் கோயில் உண்டு. இன்று இவ்வூரில் சிப்காட் தொழிற்பேட்டையும், தகவல் தொழில்நுட்பத்திற்கென எல்காட் நிறுவிய சிறப்புப் பொருளாதார மண்டலமும் உள்ளன. 2013-இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயமும் அருகிலேயே இருக்கிறது. மானும் கணிப்பொறியும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஊர் இது.

இவ்வூரின் வழியே இருப்புப்பாதையும் செல்கிறது. அப்பாதையின் ஓரமாக ஒரு காலத்தில் சென்ற தந்திக் கம்பியைப் பற்றியும், அக்கம்பியை ஆளவந்த சட்டத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். கம்பி மறைந்துவிட்டது. ஆனால் அதற்கென எழுதப்பட்ட சட்டம் 2018-ஆம் ஆண்டு நம் வீட்டுக் கைப்பேசிகளை மௌனமாக்கிற்று. அந்த வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

அரசின் சொல்லும் மக்களின் சொல்லும்

பழங்காலத்தில் அரசனின் சொல் கோயிற் சுவரில் கல்வெட்டாக நின்றது. அவன் வென்ற நாடுகளும், விட்ட நிலங்களும், விதித்த வரிகளும் கல்லில் பொறிக்கப்பட்டன. ஆளப்பட்டோரின் சொல்லுக்கு அவ்வாறு ஒரு சுவர் கிடைப்பது அரிது. 1801-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையின் மதிலிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டபோது, கும்பெனியாரை அது அத்துணை கலங்க வைத்ததற்குக் காரணம் இதுவே. மதில் அரசனுடையது, அதில் வேறொருவர் சொல் ஏறிவிட்டது. கங்கைகொண்டானுக்கு வடக்கே, அதே சாலையில் உள்ள கயத்தாற்றில்தான், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1799 அக்டோபர் 16 அன்று, வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டிருந்தார்.

தந்தி இந்நாட்டிற்கு வந்தபோது அதுவும் அரசனுடைய மதிலாகவே வந்தது. 1854-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தி அமைக்கும் உரிமையைக் கும்பெனி அரசுக்கே தனியுடைமையாக்கிற்று. 1855-இல் பொதுமக்களும் காசு கொடுத்துச் செய்தி அனுப்ப வழி திறக்கப்பட்டது. 1857-இன் பெருங்கிளர்ச்சியில் தந்தி தங்களுக்கு எத்துணை உதவிற்று என்பதை ஆங்கிலேயர் மறக்கவில்லை. கிளர்ச்சியாளர்கள் கம்பிகளை அறுத்ததையும் மறக்கவில்லை.

தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் மணியாச்சியில் இணைக்கும் தென்னிந்திய இருப்புப்பாதை 1876-இல் திறக்கப்பட்டது. புகைவண்டியோடு தந்தியும் நம் சீமைக்குள் இறங்கிற்று. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்ததே 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம்.

அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். பொது அவசரநிலை ஏற்பட்டாலோ, பொதுப் பாதுகாப்பின் பொருட்டோ, அரசு எந்தச் செய்தியையும் நிறுத்தலாம், இடைமறிக்கலாம், படிக்கலாம். அவ்வாறான அவசரநிலை உண்மையில் இருந்ததா என்று ஐயம் எழுந்தால், அரசு தரும் சான்றிதழே முடிந்த முடிபாகும். குற்றம் சாட்டுபவரும் சாட்சியும் நீதிபதியும் ஒருவரே என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? விடுதலைக்குப் பின்னும் கால் நூற்றாண்டு காலம் இவ்விதி மாறவில்லை. 1972-இன் திருத்தமே அந்தச் சான்றிதழ் முறையை நீக்கி, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களை வகுத்து, ஆணைக்குரிய காரணத்தை எழுத்தில் பதிய வேண்டுமென்றும் விதித்தது.

நெல்லை கண்ட தீ

1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், காவல் நிலையம் ஆகியவற்றோடு அஞ்சல் நிலையமும் தீக்கு இரையாயிற்று. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பின்னர் நகரில் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டு, அதன் செலவும் மக்கள் தலையிலேயே சுமத்தப்பட்டது.

அஞ்சல் நிலையத்தை ஏன் கொளுத்தினர்? கடிதங்களின் மேல் அம்மக்களுக்குப் பகையில்லை. அன்று அஞ்சலும் தந்தியும் ஆள்வோரின் கண்ணாகவும் காதாகவும் விளங்கின. கப்பல் ஓட்டியவரைச் சிறையிலடைத்த செய்தி எந்தக் கம்பியில் சென்றதோ அந்தக் கம்பி மக்களுடையதன்று என்று அவர்கள் உணர்ந்தனர் எனக் கொள்வதே பொருந்தும். அவர்கள் செயலை நாம் போற்றவில்லை. ஆனால் அதன் காரணத்தை அறியாமல் கடந்து செல்லவும் இயலவில்லை.

அதே ஆண்டில் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் வந்தது. 1910-இல் இன்னும் கடுமையான அச்சகச் சட்டம் வந்தது. எட்டயபுரத்துப் பாரதியார் புதுச்சேரிக்கு ஒதுங்க நேர்ந்தது. அங்கிருந்து வெளிவந்த ‘இந்தியா’ இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. பேச வழியின்றிப் போனபின் நிகழ்ந்ததையும் நாம் அறிவோம். 1911 சூன் 17 அன்று காலை திருநெல்வேலியில் புறப்பட்ட வண்டி கங்கைகொண்டானைக் கடந்து மணியாச்சிச் சந்திப்பில் நின்றது. அங்கு ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார்; சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். கொலையை நியாயப்படுத்த நம்மால் இயலாது. எனினும், வாயை அடைப்பதால் நெஞ்சு அடங்கிவிடுவதில்லை என்பதை நம் ஊர்த் தண்டவாளமே சாட்சியாக நின்று சொல்கிறது.

நம்மவர் ஆட்சியில்

விடுதலை பெற்ற நாட்டில் இப்பழக்கம் மறைந்துவிட்டதா? 1975 சூன் 25 இரவு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது, தில்லியில் நாளேடுகள் அச்சாகும் தெருவிற்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. கம்பியை அறுக்காமலே சொல்லை அறுக்கும் முறை அது.

1986-இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அஞ்சல் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றின. தனியார் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் அளித்தது அது. குடியரசுத் தலைவர் ஜெயில்சிங் அதில் கையெழுத்திடவில்லை, மறுக்கவும் இல்லை, மேசையிலேயே வைத்திருந்தார். அவருக்குப்பின் வந்த நம் தமிழர் ஆர்.வெங்கட்ராமன் 1990-இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 2002-இல் மசோதா கைவிடப்பட்டது. எழுதாத ஒரு கையெழுத்து கோடிக்கணக்கான உறைகளின் ஒட்டைக் காத்தது. ஆயினும் 2023-இல் இயற்றப்பட்ட புதிய அஞ்சலகச் சட்டம் அஞ்சலை இடைமறிக்கும் அதிகாரத்தை மீண்டும் அரசின் கையில் தந்துள்ளது.

தொலைபேசியை ஒட்டுக்கேட்பது குறித்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு வரம்பு கட்டிற்று. உள்துறைச் செயலரே ஆணையிட வேண்டும். ஆணை இரண்டு மாதமே செல்லும். ஒரு குழு அதை மறுஆய்வு செய்ய வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அதே மாதத்தில், 1885-இன் சட்டத்தின் கீழேயே, இணையத்தைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கான புதிய விதிகளும் வெளிவந்தன. தந்திச் சேவையோ 2013 சூலையிலேயே முடிந்துவிட்டது. தந்தி இறந்தபின்னும் தந்திச் சட்டம் ஆண்டது!

அந்த ஐந்து நாட்கள்

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாள். பனிமய மாதா பேராலயத்தின் அருகே கூடியவர்கள் உட்படப் பெருந்திரளான மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் பறிபோயின. அச்சூடு எவ்வாறு முறைதவறியது என்பதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தின் முன் வைத்தது.

சூடு நிகழ்ந்த மறுநாள், மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையத்தை நிறுத்துமாறு மாநில உள்துறை ஆணையிட்டது. சமூக ஊடகங்கள் வழியே தூண்டுதலான செய்திகள் பரவுகின்றன என்பதே கூறப்பட்ட காரணம். 1908-இல் மக்கள் அஞ்சல் நிலையத்தைத் தாக்கினர். நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின் அரசே கம்பியை அடைத்தது. காரணம் எளிது. கருவி கைமாறிவிட்டது. நிகழ்ந்ததைக் கண்ணால் கண்டவர், கண்டதை அப்போதே உலகிற்குக் காட்டும் ஆற்றல் சாதாரண மனிதனின் சட்டைப்பையில் வந்து சேர்ந்துவிட்டது.

இணையத்தை நிறுத்துவதற்கு யாரும் கோடரி எடுத்துக் கம்பத்தின்மேல் ஏற வேண்டுவதில்லை. ஆணை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பொறுப்பு அலுவலருக்குச் செல்கிறது. குறித்த மாவட்டங்களின் கோபுரங்களில் தரவு நிற்கிறது. பேச்சு மட்டும் எஞ்சுகிறது. ஆனால் அந்தத் தரவின் மேல்தான் இன்று வங்கி நடக்கிறது, வணிகம் நடக்கிறது, கல்வி நடக்கிறது. பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக இணையவழிக்கு மாறிய ஆண்டு அது. பதிவுக்கு மே 30 இறுதி நாள். தடையின் காரணமாக அதைச் சூன் 2 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடியிலிருந்து பல கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் விண்ணப்பம் அனுப்பக் காத்திருந்த பிள்ளை எந்தக் கலகத்தில் பங்கு கொண்டது?

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். 2017-இன் விதிகளின்படி, மறுஆய்வுக் குழு ஐந்து வேலை நாட்களுக்குள் கூடினால் போதும். மே 23 புதன்கிழமை. ஐந்து நாள் தடை ஞாயிறன்று முடிந்துவிடும். இடையே சனியும் ஞாயிறும் வருவதால், ஐந்து வேலை நாட்கள் முடிவதோ அடுத்த வாரத்தில். அதாவது, தடை நியாயமா என்று குழு பார்க்கக் கடமைப்படும் முன்பே தடை தன் ஆயுளை முடித்துக்கொள்ளலாம். நோயாளியை அடக்கம் செய்தபின் மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதன்றோ இது? மேலும் அக்குழுவில் அமர்வோர் தலைமைச் செயலர் முதலான அரசு அதிகாரிகளே. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இத்தடை கேள்விக்குள்ளாயிற்று. திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் குறித்த நாளுக்கு முன்பே இணையம் திரும்பியது. முன்பே திரும்ப முடிந்ததென்றால், தொடக்கத்திலேயே மூன்று மாவட்டங்களை அடைக்கத் தேவை இருந்ததா என்னும் வினா எஞ்சுகிறது.

மறுபக்கம்

அரசின் தரப்பை மறைப்பது நேர்மையாகாது. வதந்தி கொல்லும் என்பது உண்மை. அதே மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் முதிய பெண்மணி ஒருவரை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. குலதெய்வத்தை வழிபட வந்த குடும்பம் அது. அந்தச் செய்தியை அனுப்பிய விரல்கள் அரசின் விரல்கள் அல்ல. நம்மைப் போன்றோரின் விரல்களே. ஆகவே, எந்த நாளும் எந்தச் செய்தியையும் தடுக்கலாகாது என்று வாதிட நாம் துணியவில்லை.

ஆயினும், வழியை முழுவதும் அடைத்தால் பொய்யோடு மெய்யும் நின்றுவிடுகிறது. அரசே மறுப்பு வெளியிட விரும்பினாலும் அது மக்களைச் சேராது. வாய்வழி வதந்திக்குக் கோபுரம் தேவையில்லை, தெருமுனை போதும். அதிலும், உயிர்களைப் பறித்த செயல் அரசின் கையாலேயே நிகழ்ந்திருக்கும்போது, அந்த அரசே சாட்சிகளின் வாயை அடைப்பது எந்த நோக்கத்தோடு செய்யப்பட்டாலும் ஐயத்தையே வளர்க்கும். பொது நிகழ்ச்சிகளைப் பற்றி உண்மையை அறியும் உரிமை மனிதனுக்கு இயல்பிலேயே உண்டு என்பதைத் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1963-இல் உலக அமைதி குறித்து எழுதிய சுற்றுமடலில் எடுத்துரைத்தார். அமைதியைப் பற்றிய மடலில் இவ்வுரிமை இடம்பெற்றது சிந்திக்கத்தக்கது. உண்மையை மறைத்துப் பெறும் அமைதி வெறும் நிசப்தமே.

2020 சனவரி 10 அன்று, காசுமீரத்து இணையத் தடை பற்றிய வழக்கில், ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரையற்ற தடை கூடாது, தடை தேவைக்கு மிஞ்சலாகாது என்று உச்சநீதிமன்றம் வரையறுத்தது. மறுஆய்வுக் குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்ற அரசுசாராதவரும் இடம்பெற வேண்டுமென்று 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. 1885-இன் சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2024-இல் புதிய தடை விதிகளும் வந்தன. ஆணையை வெளியிடும் கடமை இப்போது விதியாகியுள்ளது. குழுவில் மட்டும் இன்றும் அரசு அதிகாரிகளே அமர்கின்றனர். நூற்றாண்டைக் கடந்த பழைய சான்றிதழின் நிழல் முற்றிலும் நீங்கிற்று என்று எவ்வாறு சொல்வது?

இன்று கங்கைகொண்டான் நிலையத்தின் வழியே வண்டிகள் விரைகின்றன. ஆஷ் சென்ற தடமும் அதுவே. பழைய கம்பங்களில் கம்பி இல்லை. கண்ணுக்குத் தெரியாத அலைகளில் நம் துயரும் மகிழ்வும் பயணம் செய்கின்றன. அவற்றை நிறுத்தும் அதிகாரம் எங்கோ ஓர் அறையில் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. அதிகாரமே கூடாது என்று நாம் கேட்கவில்லை. அக்கையெழுத்தை இடுபவர் பிறரொருவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். அவ்வாறு கேட்கும் நாமும், நம் கையிலுள்ள கருவியால் பொய்யை அனுப்பாதிருக்கக் கடமைப்பட்டவர்களே. கம்பி யார் கையில் இருந்தாலும், அதில் செல்வது மெய்யாக இருக்கட்டும்.