உப்பு போன வழியும் மெட்ரோ போகும் வழியும்

சென்னை விமான நிலையத்தோட நிக்கிற மெட்ரோ ரயிலை கிளாம்பாக்கம் வரைக்கும் நீட்டணுமா வேண்டாமா என்ற பேச்சு சில வருஷமா ஓடுது. தூரம் 15.46 கிலோமீட்டர். ஆரம்பத்துல நாலாயிரத்துச் சொச்சம் கோடியில முடியும் என்றார்கள். 2025ல் போட்ட கணக்குல சுமார் 9,335 கோடி ஆகிவிட்டது.

வேண்டாம் என்கிறவங்க சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வழியா ஏற்கெனவே மின்சார ரயில் ஓடுது. பத்து ரூபா டிக்கெட்டுல போற வழிக்குப் பக்கத்துலயே இன்னொரு தண்டவாளம் எதுக்கு? வேணும் என்கிறவங்க கேக்கிறது வேற. 2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கத்துல பஸ் நிலையத்தைத் திறந்து தெக்கத்தி பஸ்ஸை எல்லாம் அங்கேயே நிறுத்திட்டீங்க. மூட்டை முடிச்சோட இறங்குற ஜனம் அப்புறம் எப்படி ஊருக்குள்ள போகும்?

மரக்காணம் பக்கம் கூனிமேட்டுல மல்லாட்டையும் சவுக்கும் வைக்கிறவனுக்கு இதுல என்ன பேச்சுன்னு நீங்க கேக்கலாம். எங்க கரைக்கு இன்னிக்கு வரைக்கும் ரயில் வந்ததில்ல. ரயில் ஏறணும்னா திண்டிவனம் போகணும், இல்லன்னா பாண்டிச்சேரி. ஆனா பட்டணத்துல இருந்து ஒரு வழி எங்க பக்கம் வரைக்கும் நீண்டு வந்தது, பல வருஷம் பொழைச்சது, அப்புறம் செத்தும் போச்சு. அந்தக் கதை தெரிஞ்சா மெட்ரோ விஷயத்தையும் வேற மாதிரி பார்க்கத் தோணும்.

அந்த வழி பக்கிங்காம் கால்வாய். 1806ல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பிச்சது. கொஞ்சம் கொஞ்சமா நீட்டி, ஆந்திராவுல பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆச்சு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல, கூலிக்கு வழியில்லாத ஜனங்களை வைத்து, சென்னைக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டரை வெட்டினார்கள். அப்ப கவர்னரா இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அவர் பேரே கால்வாய்க்கு வந்தது.

அந்தத் தண்ணியில போனது எங்க மண்ணுல விளைஞ்சதுதான். மரக்காணம் உப்பு, சவுக்கு விறகு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல். காத்து இருந்தா பாய் விரிப்பாங்க. இல்லன்னா கரையில இருந்து கயிறு கட்டி இழுப்பாங்க. பட்டணத்து அடுப்பு எங்க சவுக்குல எரிஞ்சது. சென்னைக் கரையோர மணல்ல சவுக்குத் தோப்பு பெருகினதுக்கே 1860கள்ல ரயில் எஞ்சினுக்கு விறகு தேவைப்பட்டது ஒரு காரணம். ரயில் வராத ஊருக்கும் ரயிலோட சம்பந்தம் அப்படி இருந்திருக்கு.

பக்கிங்காம் பிரபுவைப் பத்தி இன்னொரு விஷயம். சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடி, 1871ல், இங்கிலாந்துல தன்னோட பண்ணை விளைச்சலை ஏத்தி இறக்க ஒரு சின்ன ரயில் பாதை போட்டார். பத்து கிலோமீட்டர் சுமார். பிரில் என்ற கிராமத்து ஓரத்துல போய் முடியும். 1899ல் லண்டன் சுரங்க ரயிலை ஓட்டின மெட்ரோபாலிட்டன் கம்பெனி அதை எடுத்துக்கிச்சு. லண்டன்ல இருந்து 80 கிலோமீட்டர் தள்ளி, மாடு மேயுற காட்டுக்கு நடுவுல லண்டன் மெட்ரோவோட கடைசி ஸ்டேஷன்! 1933ல் அரசு வாரியம் எல்லாத்தையும் ஒண்ணாக்கினது. இவ்வளவு தூரம் நமக்கு எதுக்கு, ஏறுறதுக்கு ஆள் எங்கேன்னு பார்த்து, 1935ல் அந்தப் பாதையை மூடிட்டாங்க. பட்டண ரயிலை எதுவரைக்கும் நீட்டலாம் என்கிற சண்டை நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறது இல்ல.

நம்ம பக்கம் நல்லபடியா நடந்த ஒண்ணும் இருக்கு. 1931 மே மாசம் சென்னை கடற்கரையில இருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் விட்டாங்க. அப்ப அந்த வழி பூரா பெரும்பாலும் ஏரியும் கழனியுமா இருந்தது. இவ்வளவு தூரம் யாரு போகப் போறான்னு நினைச்சிருந்தா அது வந்திருக்காது. ரயில் முன்னால போச்சு, பின்னால ஊர் வளர்ந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம்னு இன்னிக்கு நெருக்கி அடிக்கிற இடமெல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடிச்சு வளர்ந்த ஊருங்கதான்.

அடுத்து வந்த பறக்கும் ரயில் தலைகீழ். ஊர் வளர்ந்தப்புறம் ரயில் வந்தது. 1983-84ல் ஒப்புதல், 1995ல் சேப்பாக்கம், 1997ல் மயிலாப்பூர், 2007ல்தான் வேளச்சேரி. இருபது கிலோமீட்டர்கூட இல்லாத பாதைக்கு இருபது வருஷத்துக்கு மேல. வேளச்சேரியில இருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். 2008ல் ஆரம்பிச்ச வேலை, ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு நஷ்டஈட்டு வழக்குல மாட்டி, பதினைஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்தது. நிலத்தைப் பிடிச்சு நின்னவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு காணி நிலம் வச்சிருக்கிறவனுக்குத் தெரியும் அந்த வலி.

அந்தப் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் எங்க கிடைச்சது தெரியுமா? நிலம் வாங்கச் செலவாகுமேன்னு, திருவல்லிக்கேணியில இருந்து திருவான்மியூர் வரைக்கும் பல இடத்துல பக்கிங்காம் கால்வாய்க்குள்ளயே நட்டாங்க. லாரி வந்ததும் படகுக்கு மவுசு குறைஞ்சது. 1965-66 புயல்கள்ல கால்வாய் தூர்ந்தது. மிச்சத்தைச் சாக்கடையும் தூணும் பார்த்துக்கிச்சு. மரக்காணத்து உப்புப் படகு போன வழி மேலதான் நீங்க வேளச்சேரிக்கு ரயில்ல போறீங்க.

பட்டணத்துக்கு உப்பும் விறகும் தேவைப்பட்ட வரைக்கும் அந்த வழி எங்க வரைக்கும் வந்தது. தேவை தீர்ந்ததும் யாரும் எங்களைக் கேக்காமலே அறுந்தது.

எங்க கரைக்கு ரயில் கணக்கும் ஒண்ணு இருக்கு. மாமல்லபுரம், மரக்காணம், பாண்டிச்சேரி வழியா கடலூருக்கு 179 கிலோமீட்டர் புதுப்பாதை. 2008 வாக்கில் ஒப்புதல் ஆச்சு. முதல் திட்டப்படி பறக்கும் ரயில் நிக்கிற பெருங்குடியில இருந்து நீட்டுறதாத்தான் இருந்தது. அங்க நிலத்து விலை எட்டாம போனதால செங்கல்பட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்னு மாத்தினாங்க. ஒப்புதல் பேப்பர்ல இருக்கு, கொல்லையில தண்டவாளம் இல்ல. ஆனா ரயில் வருதுன்னு சொல்லியே ரோட்டோரக் கொல்லையை எல்லாம் மனையாக்கிட்டாங்க. சவுக்குத் தோப்பு போய் கல்லு நட்டிருக்கு. ரயில் வந்தா நிலம் போகும்னு பயந்தோம். ரயில் வராமலே நிலம் போகுது. மிச்சம் வச்சிருக்கிறவனுக்கும் நிம்மதி இல்ல. பாதை எந்தப் பக்கம் போகும்னு தெரியாம போர் போடவும் யோசனை, தென்னை வைக்கவும் யோசனை.

அதனால கிளாம்பாக்கம் விஷயத்துல எனக்குத் தோணுறது இதுதான். போடுறதுன்னா சீக்கிரம் போடுங்க. வேண்டாம்னா தெளிவா வேண்டாம்னு சொல்லிட்டு, இருக்கிற மின்சார ரயிலை அடிக்கடி விடுங்க. நடுவுல தொங்க விடுறதுதான் எல்லாத்தையும் விட அதிகச் செலவு. நாலாயிரம் கோடி ஒன்பதாயிரம் கோடி ஆனதைப் பார்த்தாலே தெரியும். தொங்குற ஒவ்வொரு வருஷமும் ஆதாயம் மனை போடுறவனுக்குத்தான். டிக்கெட் எடுக்கிறவனுக்கும் ஏர் ஓட்டுறவனுக்கும் இல்ல.

ஒரு பாதை வேணுமா வேண்டாமான்னு பேசும்போது, ஏறுற ஜனத்தை எண்ணுறாங்க, கோடியை எண்ணுறாங்க. அது கடந்து போற கழனியையும், கடைசி ஸ்டேஷனுக்கு அப்பால பஸ் மாறி வர்றவனையும் சேர்த்து எண்ணினா கணக்கு சரியா இருக்கும். அடுத்த தடவை மயிலாப்பூர்ல ரயிலுக்கு நிக்கும்போது கீழ கறுப்பா ஓடுற தண்ணியைக் கொஞ்சம் பாருங்க. அது எங்க ஊர்ப் பக்கம் வரைக்கும் வந்த வழி.